வேதிச் சமன்பாட்டை ஏன் சமன்செய்ய வேண்டும்? ஊகம் இல்லாமல் செய்ய வழி உண்டா?

கேள்வியோடு ஒரு குறிப்பும் எழுதியிருந்தீர்கள்: "மகன் பத்தாம் வகுப்பு. எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறான். சில சமயம் வருகிறது, சில சமயம் வரவில்லை. எதற்கு இதைச் செய்கிறோம் என்று அவன் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை."

பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் டியூஷன் எடுக்கிறேன். இந்தக் கேள்வி வருடாவருடம் ஜூலை மாதம் வரும். எல்லாரும் "எப்படி" என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். நான் "எதற்கு" என்பதிலிருந்து தொடங்குவேன். அது புரிந்துவிட்டால் "எப்படி" என்பது பத்து நிமிட வேலை.

போனில் தட்டச்சு செய்கிறேன், கீழ்க்குறி எண் போட வரவில்லை. அதனால் குறியீடுகளை விட்டுவிட்டுப் பெயர்களாகவே எழுதுகிறேன்.

என் அம்மாவின் அப்பாவுக்குத் தாழையூத்துக்கு வடக்கே சுண்ணாம்புக் காளவாசல் இருந்தது. அந்தப் பக்கத்து மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக் கல்தான். அதை நம்பித்தான் 1949இல் அங்கே சிமென்ட் ஆலையே வந்தது. தாத்தாவுடையது சின்னக் காளவாசல். கல் ஒரு அடுக்கு, கரி ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றி அடுக்கித் தீ வைப்பார்கள். எரிந்து ஆறியதும் பிரித்து எடுத்தால் சுட்ட சுண்ணாம்பு. பார்வைக்கு அதே கல் மாதிரிதான் இருக்கும். தூக்கினால்தான் வித்தியாசம் தெரியும்.

ஒரு சமயம் கையில் பணம் இல்லாமல் நெல் வியாபாரம் செய்தவர் ஒருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டாராம். அவர் தொழிலில் நூறு மூட்டை உள்ளே போனால் நூறு மூட்டை வெளியே வரவேண்டும், எலி தின்றது போக. முதல் சூளை பிரித்ததும் எடை போட்டுப் பார்த்தவர் அதிர்ந்துபோய், "அண்ணாச்சி, கணக்கு உதைக்குதே" என்றிருக்கிறார். உள்ளே போன கல்லின் எடையில் பாதிக்குச் சற்று மேலேதான் வெளியே வந்திருக்கிறது. இராக்காவல் இருந்த ஆள் மீது சந்தேகம். தாத்தா சொன்ன சமாதானம்: "அம்புட்டையும் தீ தின்னுட்டு வே. எந்தக் காளவாசல்லயும் இப்படித்தான்." கூட்டாளி நம்பவில்லை. காவல்காரர் மானஸ்தர், மறுநாளே வேலையை விட்டுப் போய்விட்டார். ஆச்சி இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் "பாவம், அந்த மனுசன்" என்று முடிப்பாள்.

பதினோராம் வகுப்பில் சுண்ணாம்புக் கல்லின் மூலக்கூறு நிறையைப் போட்ட அன்றைக்குத்தான் அந்தத் திருட்டு எனக்குத் துலங்கியது. சுண்ணாம்புக் கல் என்பது கால்சியம் கார்பனேட். அணு நிறைக் கணக்கில் கால்சியம் 40, கார்பன் 12, ஆக்சிஜன் ஒன்று 16, மூன்று சேர்ந்து 48. மொத்தம் 100. சூட்டில் அது இரண்டாகப் பிரிகிறது:

கால்சியம் கார்பனேட் 100 → கால்சியம் ஆக்சைடு 56 + கார்பன் டை ஆக்சைடு 44

நூறு கிலோ சுத்தமான கல் முழுக்க வெந்தால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. மீதி 44 கிலோ காளவாசலின் வாய் வழியாகக் காற்றோடு போய்விட்டது. தீ எதையும் தின்னவில்லை, காவல்காரரும் எடுக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் வெளியேறிய ஒன்றைக் கணக்குப் புத்தகத்தில் எழுதாமல் விட்டதுதான் தப்பு.

இதைத்தான் பாடப்புத்தகம் பொருண்மை அழியா விதி என்கிறது. நிறை மாறா விதி என்றும் போட்டிருப்பார்கள். வினைக்கு முன்னால் இருந்த மொத்த நிறையும் வினைக்குப் பின்னால் உள்ள மொத்த நிறையும் ஒன்று. அணுக்கள் கை மாறுகின்றன, ஒன்றுகூடப் புதிதாக முளைப்பதில்லை, ஒன்றுகூடக் காணாமல் போவதில்லை. சமன்பாட்டைச் சமன்செய்வது என்றால் அந்த வரவு செலவைச் சரியாக எழுதுவது. ஒரு பக்கத்தில் ஓர் அணு குறைந்தால், எவரோ ஒரு காவல்காரர் மீது பழி போட்டிருக்கிறீர்கள்.

அந்த 44 கிலோ திரும்பி வருகிற கதை இன்னும் அழகு. சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் புசுபுசுவென்று பொங்கி, ஆவி கிளம்பி, கொதிக்கக் கொதிக்க நீறும். 56 பங்கு சுண்ணாம்பு 18 பங்கு தண்ணீரைக் குடித்து 74 பங்கு நீற்றுச் சுண்ணாம்பு ஆகிறது. பொங்கலுக்கு முன்னால் அதைக் கரைத்து, கொஞ்சம் நீலம் சேர்த்து, மட்டையால் சுவரில் அடிப்பார்கள். ஈரமாக இருக்கும்போது மங்கலாகத்தான் தெரியும், "இதுக்கா இவ்வளவு பாடு" என்று தோன்றும். காய்ந்த பிறகு கண் கூசும். அதற்குப் பின்னும் நாள்கணக்கில், மாதக்கணக்கில் சுவர் வேலை செய்துகொண்டே இருக்கிறது. காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு, குடித்த தண்ணீரை வெளியே விடுகிறது. 74உம் 44உம் உள்ளே, 100உம் 18உம் வெளியே. அந்த 100 என்பது மறுபடியும் சுண்ணாம்புக் கல். காளவாசலில் எவ்வளவு போனதோ அதே 44.

ஆச்சியின் கரண்டகத்திலும் இதுதான் நடந்தது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை மூட மறந்தால் மேலே ஒரு ஏடு கட்டிக்கொள்ளும். நகத்தால் சுரண்டினால் நறநறவென்று வரும். "கல்லாப் போச்சு" என்று அலுத்துக்கொண்டே அதை எடுத்து வீசுவாள். ஏதோ பேச்சுக்குச் சொன்னாள் என்று நினைத்திருந்தேன். வேதியியலில் அதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது.

இந்த 44ஐ முதலில் எடை போட்டுப் பிடித்தவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக். மருத்துவம் படித்தவர். மூத்திரப்பையில் கல் வந்தவர்களுக்கு அன்றைய வைத்தியம் சுண்ணாம்புத் தண்ணீர். அந்த விவகாரத்தை ஆராயப் போய், மக்னீசியா என்ற மக்னீசியம் கார்பனேட் தூளையும் சுண்ணாம்புக் கல்லையும் சூடாக்கி, ஒவ்வொரு படியிலும் எடை பார்த்து, குறைந்த எடை ஒரு காற்றின் எடை என்று காட்டினார். இந்த வேலை 1754இல் அவருடைய பட்ட ஆய்வில் தொடங்கியது. இந்த விதியோடு சேர்த்துச் சொல்லப்படும் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியேயின் புத்தகத்துக்கு 35 வருடம் முன்பே தராசு வேலையைத் தொடங்கிவிட்டது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். நம் புத்தகங்களில் லவாய்சியே பெயர் மட்டும்தான் வருகிறது.

லவாய்சியேவுக்கு வருவோம். அவர் பிரெஞ்சு அரசுக்கு வரி வசூலித்த குத்தகைக் கூட்டத்தில் ஒரு பங்குதாரர். அந்தப் பதவிதான் புரட்சியின்போது, 1794 மே 8இல், அவர் தலையை வாங்கியது. பணத்துக்குக் கணக்குப் பார்த்த அதே கண்ணோடு பொருளுக்கும் கணக்குப் பார்த்தவர். 1789இல் வெளிவந்த அவருடைய வேதியியல் புத்தகத்தில், "எதுவும் புதிதாக உண்டாவதில்லை, வினைக்கு முன்னும் பின்னும் பொருளின் அளவு ஒன்றுதான்" என்ற கருத்து எந்த அத்தியாயத்தில் வருகிறது தெரியுமா? சாராயம் நொதிப்பதைப் பற்றிய அத்தியாயத்தில். சர்க்கரை, தண்ணீர், ஈஸ்ட் எல்லாவற்றையும் எடை போட்டு வைத்து, பின்னால் வந்த சாராயத்தையும் காற்றையும் எடை போட்டு, இரண்டு பக்கத்தையும் நேர் செய்யப் பார்த்தார்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த அத்தியாயம் பனைமரத்தடியிலேயே கிடக்கிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் காலையில் பயினி, அதாவது பதநீர். தடவாமல் கட்டினால் கள். பாளையும் அதே, மரமும் அதே. சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்டும் மற்ற நுண்ணுயிரும் தலையெடுக்க முடியாது, சர்க்கரை சர்க்கரையாகவே நிற்கும். காரம் இல்லையென்றால் சர்க்கரை உடைந்து பாதி சாராயமாகவும் பாதி நுரையாகவும் போகிறது. "பாதி" என்று சும்மா சொல்லவில்லை, கடைசியில் கணக்கு தருகிறேன்.

சரி, இப்போது "எப்படி".

பிள்ளைகள் செய்யும் முதல் தப்பு, எந்த எண்ணைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று தெரியாதது. போன வருடம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீர் ஆவதைச் சமன்செய்யச் சொன்னேன். இடப்பக்கம் ஆக்சிஜன் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. அவள் யோசிக்கவே இல்லை. எச் டூ ஓ என்பதை எச் டூ ஓ டூ என்று திருத்திவிட்டு, "நேராயிட்டுல்லா டீச்சர்" என்றாள். அணுக்கணக்கு நேர்தான். ஆனால் அது தண்ணீர் இல்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு. "தண்ணி கேட்டவருக்குப் புண் கழுவுற மருந்தைக் கொடுத்திருக்கியே" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் பிறகு அந்தத் தப்பைச் செய்யவே இல்லை.

தேங்காய்க்கு மூன்று கண். வேலைக்கு ஆறு கண் வேண்டுமென்றால் இரண்டு தேங்காய் எடுக்க வேண்டும், ஆறு கண் வைத்த தேங்காய் ஒன்றை வரைந்துகொள்ளக் கூடாது. குறியீட்டுக்குள் கீழே இருக்கும் எண் தேங்காயின் கண். அது அந்தப் பொருளின் பிறவிக் குணம், நம் இஷ்டத்துக்கு வராது. முன்னால் போடும் எண், பாடத்தில் கெழு என்கிறார்களே, அது எத்தனை தேங்காய் என்பது. அதை மட்டும்தான் நாம் மாற்றலாம். தண்ணீருக்கு விடை: ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 1, தண்ணீர் 2. இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். இடப்பக்கம் மூன்று மூலக்கூறு, வலப்பக்கம் இரண்டு. மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமமாக வரவேண்டியதில்லை, அணுக்கள்தான் சமமாக வேண்டும். இதில் குழம்புகிறவர்கள் நிறைய.

அடுத்தது வரிசை. உங்கள் மகன் ஊகத்தில் போட்டுப் பார்ப்பதற்குக் காரணம் எதிலிருந்து தொடங்குவது என்று யாரும் சொல்லாததுதான். விதி ஒன்றே ஒன்று: பல பொருள்களுக்குள் சிக்கிக் கிடக்கும் தனிமத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள், அதிலும் அந்தத் தனிமம் எங்காவது தனியாக நின்றால் கட்டாயம் கடைசிதான். ஏனென்றால் தனியாக நிற்பதன் எண்ணை மாற்றினால் வேறு எந்தக் கணக்கும் கலையாது.

அடுப்படிக்குப் போவோம். சிலிண்டரில் இருப்பது பியூட்டேனும் புரொப்பேனும் கலந்தது. முழுக்கப் பியூட்டேன் என்றே வைத்துக்கொள்வோம். அதில் கார்பன் 4, ஹைட்ரஜன் 10. அது ஆக்சிஜனோடு எரிந்து கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் ஆகிறது. ஆக்சிஜன் வலப்பக்கம் இரண்டு பொருளிலும் இருக்கிறது, இடப்பக்கம் தனியாக நிற்கிறது. ஆகவே அது கடைசி. முதலில் கார்பன்: 4 இருப்பதால் கார்பன் டை ஆக்சைடு 4. அடுத்து ஹைட்ரஜன்: தண்ணீருக்கு இரண்டிரண்டாகப் போகும், ஆகவே தண்ணீர் 5. இப்போது வலப்பக்கத்து ஆக்சிஜனை எண்ணுங்கள். எட்டும் ஐந்தும் பதின்மூன்று. இடப்பக்கம் ஆக்சிஜன் ஜோடியாகத்தான் வரும், பதின்மூன்றை ஜோடி போட்டால் ஆறரை. இங்கேதான் பிள்ளைகள் பயந்துபோய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். அழிக்க வேண்டாம். ஆறரை என்று தைரியமாக எழுதிவிட்டு, முழுச் சமன்பாட்டையும் இரண்டால் பெருக்குங்கள்:

2 பியூட்டேன் + 13 ஆக்சிஜன் → 8 கார்பன் டை ஆக்சைடு + 10 தண்ணீர்

எடை போட்டுச் சரிபாருங்கள். 116உம் 416உம் சேர்ந்து 532. அந்தப் பக்கம் 352உம் 180உம் சேர்ந்து அதே 532. இதே விகிதத்தில் போனால், 14.2 கிலோ கேஸ் தீரும்போது ஏறத்தாழ 51 கிலோ ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு, 43 கிலோ கார்பன் டை ஆக்சைடும் 22 கிலோ தண்ணீரும் வெளியே விட்டிருக்கும். ஒரு சிலிண்டர் எரிந்து முடிந்தால் ஏறத்தாழ ஒன்றரைக் குடம் தண்ணீர் ஆவியாகப் போயிருக்கிறது என்று சொன்னால் வகுப்பில் யாரும் நம்புவதில்லை. குளிர்ந்த பாத்திரத்தை அடுப்பில் வைத்த உடனே அடியில் ஒரு கணம் வியர்க்குமே, அது இந்தத் தண்ணீர்தான்.

சல்பேட், நைட்ரேட் மாதிரி கூட்டமாக வருபவை இரண்டு பக்கமும் உடையாமல் இருந்தால், உடைத்து எண்ணாமல் கூட்டமாகவே எண்ணுங்கள். குடிநீர்த் தொட்டியில் கலங்கலைத் தெளிய வைக்க அலுமினியம் சல்பேட்டும் நீற்றுச் சுண்ணாம்பும் (கால்சியம் ஹைட்ராக்சைடு) போடுவார்கள். அதில் ஒரு அலுமினியம் சல்பேட்டுக்குள் சல்பேட் மூன்று இருப்பதால் வலப்பக்கம் கால்சியம் சல்பேட் 3, அதனால் சுண்ணாம்பு 3, அலுமினியம் ஹைட்ராக்சைடு 2. ஆற்றில் செம்மண் வெள்ளம் வரும் ஐப்பசி மாதத்தில் இந்தச் சமன்பாட்டைச் சொல்லிக்கொடுத்தால் நன்றாக நிற்கிறது.

வீட்டில் செய்து காட்ட ஒரு சோதனையும், அதில் நான் சறுக்கியதையும் சொல்லிவிடுகிறேன். ஆப்பச் சோடாவும் வினிகரும். திறந்த டம்ளரில் கலந்து சமையல் தராசில் வைத்தால் நுரைத்து அடங்கும்போது ஓரிரு கிராம் குறையும். பாட்டில் வாயில் பலூனை மாட்டிச் செய்தால் வாயு உள்ளேயே இருக்கும், எடை மாறாது என்று பிள்ளைகளிடம் பந்தா விட்டேன். பலூன் உப்பியது. தராசு ஒரு கிராம் குறைத்துக் காட்டியது. கசிவு என்று நினைத்து மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அப்படியே. இரவு படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் உறைத்தது: ஒரு லிட்டர் உப்பிய பலூன் ஒரு லிட்டர் வெளிக்காற்றை விலக்குகிறது. அந்தக் காற்றின் எடை ஒரு கிராமுக்குச் சற்று மேல், அவ்வளவு மேல்நோக்கித் தாங்குகிறது. நிறை குறையவில்லை, தராசுதான் ஏமாந்தது. மறுநாள் இரண்டு லிட்டர் சோடா பாட்டிலில் 100 மில்லி வினிகர் ஊற்றி, நாலு கிராம் சோடாவை டிஷ்யூ தாளில் பொட்டலம் கட்டி உள்ளே போட்டு, மூடியை இறுக்கித் திருகினோம். பாட்டில் கல் மாதிரி விறைத்தது, தராசு அசையவில்லை. மூடியை மெல்லத் திறந்தபோது "புஸ்" என்றது, எண் இறங்கியது. இந்த அளவுக்கு மேல் போடாதீர்கள், கண்ணாடிப் பாட்டிலில் செய்யவே செய்யாதீர்கள்.

யாராவது கெட்டிக்காரப் பையன் ஐன்ஸ்டைனைக் கூட்டிக்கொண்டு வருவான்: வெப்பம் வெளியேறினால் நிறையும் கொஞ்சம் குறையாதா என்று. குறையும். 12 கிராம் கரி எரிந்து கொடுக்கும் வெப்பத்துக்குக் குறைகிற நிறை நாலரை நானோகிராமுக்குள். ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் நாலரைப் பங்கு. எந்தப் பள்ளித் தராசும் அதைப் பார்க்காது. அணு உலைக் கணக்கில்தான் அது பெரிதாக நிற்கும்.

இன்னொன்று, சமன்செய்துவிட்டதால் அந்த வினை நடக்கும் என்று அர்த்தமில்லை. தங்கம் காற்றில் துருப்பிடிப்பதாகக்கூட ஒரு சமன்பாடு எழுதி அழகாகச் சமன்செய்துவிடலாம். நகை அப்படியேதான் இருக்கும்.

பயினிக் கணக்கு பாக்கி இருக்கிறது. உங்கள் மகனிடம் கொடுங்கள். பயினியில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ்: கார்பன் 12, ஹைட்ரஜன் 22, ஆக்சிஜன் 11. அதோடு ஒரு தண்ணீர் மூலக்கூறு சேர்ந்து எத்தனால் (கார்பன் 2, ஹைட்ரஜன் 6, ஆக்சிஜன் 1), கார்பன் டை ஆக்சைடு என்று இரண்டாகிறது. இதில் ஹைட்ரஜனிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள், எத்தனாலின் எண் நேராகக் கிடைத்துவிடும். முடித்ததும் எடையைக் கூட்டச் சொல்லுங்கள். இடப்பக்கம் 342உம் 18உம் சேர்ந்து 360. வலப்பக்கம் எத்தனால் 184, வாயு 176 வந்தால் சரி. வராவிட்டால் அவன் போட்டதை இங்கே கருத்துப் பகுதியில் அப்படியே எழுதுங்கள், எங்கே உதைக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.